பீதியடையத் தேவையில்லை என்று தொடங்கிய அறிவிப்பு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. அலுவலகங்களில் கடிதமும் சுற்றறிக்கையும் எழுதுகிறவர்களுக்குத் தெளிவாக எழுதுவது எப்படி என்று நான் பேச வேண்டும். மோசமான உரைநடைக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. தெரிந்தவர் ஒருவர் தன் போனைத் துழாவி, எப்போதோ ஒரு மழைக்காலத்தில் ஏதோ ஒரு குடியிருப்போர் சங்கம் அனுப்பிய வாட்ஸ்அப் அறிவிப்பை எடுத்துக் கொடுத்தார். "இதைவிட மோசமா உங்களுக்கு எங்கயும் கிடைக்காது, வெச்சுக்கோங்க" என்றார். வாசித்தேன், சிரித்தேன், சிவப்புப் பேனாவை எடுத்தேன். பாதி அடித்த பிறகுதான் உறைத்தது: இதை யாரோ ஒருவர் தண்ணீர் வரப்போகிற வீட்டுக்குள் உட்கார்ந்து வாசித்திருப்பார். வாசித்துவிட்டு என்ன செய்திருப்பார்?

வகுப்பு நல்லபடியாக முடிந்தது. கேள்வி முடியவில்லை. அதனால் ஆட்களை நானே உண்டாக்கிக்கொண்டேன். ஊருக்கும் பூங்குளம் நகர் என்று ஒரு பெயர் வைத்தேன். இரும்புலியூர் தாண்டி எங்கோ இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள், வரைபடத்தில் தேடாதீர்கள்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

[ஒன்று: திருநீர்மலையின் தோளில் சாய்ந்திருந்த கருமேகங்கள் மெல்ல மெல்லக் கலைந்து, கலைந்தவை மீண்டும் திரண்டு, திரண்டவை—]

போதும். மழை பெய்தது. தமிழ் வாசகருக்கு மழையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

[இரண்டு: பூங்குளம் ஏரியை வெட்டியது எந்த அரசன் என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. முதல் கருத்தின்படி—]

இதை நான் எழுதி முடிப்பதற்குள் ஏரி நிரம்பிவிடும்.

மூன்றாவது இது: இன்று பொழுது சாய்வதற்குள் பூங்குளம் ஏரியின் மதகைத் திறக்கப் போகிறார்கள். தண்ணீர் முதலில் கடைசித் தெருவுக்குத்தான் வரும். அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கும் மாடி கிடையாது. அங்கே எல்லம்மா இருக்கிறாள். அவள் புருஷன் ஜீவானந்தம் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெரு சர்ச் ஹாலுக்குப் போக அவளுக்கு நேரம் வேண்டும். அதற்கு முன்னால், போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இதையே வைத்துக்கொள்கிறேன். அழகில்லை, ஆனால் நிற்கிறது.

2

சொல்ல வேண்டியவள் ஹேமாவதி. சங்கத்தின் செயலாளர். சம்பளத்துக்குச் செய்கிற வேலை, மிக்ஸிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் கூடவே வருகிற கையேட்டை எழுதுவது. "நீ எழுதுறதை ஊர்ல ஒருத்தனும் வாசிக்க மாட்டான்" என்று அவள் தம்பி கேலி செய்வான். "வாசிக்காதவனுக்கு ஷாக் அடிக்கும்" என்பாள் அவள். எழுத்தைப் பற்றி அவளுக்கு இருந்த கொள்கை அவ்வளவுதான். இத்தனை வருடம் எழுதிக் கிழித்த எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அவள் இப்போது பூங்குளம் நகரில் இல்லை. தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில், நனைந்த கூட்டத்துக்கு நடுவே நிற்கிறாள். பக்கத்தில் சங்கத் தலைவர் தனசிங், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தண்ணீர் இறைக்க மோட்டார் கேட்டு மனுக் கொடுக்க இருவரும் காலையில் வந்தார்கள். திரும்பிப் போக வழியில்லை. ஜிஎஸ்டி சாலையில் பேருந்துகள் வரிசையாக நின்றுவிட்டன. போனில் பேச்சு ஏறவில்லை. செய்தி மட்டும் தத்தித் தத்திப் போகிறது.

(அவளை ஏன் ஊருக்குள்ளேயே வைக்கவில்லை என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தேன். ஓடிப்போய்க் கதவைத் தட்டிவிட்டாள். கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எழுத்தை நம்பித்தான் ஆக வேண்டும் என்கிற இடத்தில் அவளை நிறுத்த வேண்டியிருந்தது. பாவம்தான்.)

பொருளாளர் வெற்றிவேல் மட்டும் ஏரிக்கரையில் நிற்கிறார். அவருடைய வீடியோ ஒன்று நின்று நின்று இறங்கியது. ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் வழிகிறது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்: "ஹேமா மேடம், இதுக்கு மேல தாங்காதுன்னு சொல்றாங்க. சாயங்காலத்துக்குள்ள ஷட்டரைத் தூக்கிடுவாங்க. கடைசித் தெருக்காரங்களை உடனே காலி பண்ணச் சொல்லுங்க." அதோடு அவர் போன் செத்துவிட்டது. அதற்கப்புறம் அவருக்கு அனுப்பிய எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றன.

"சார், நான் போட்டுடறேன்" என்றாள் ஹேமாவதி.

"இரும்மா. முறைப்படி போடுவோம்" என்றார் தனசிங்.

3

முறை என்பது இது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரும் செயலாளரும் மட்டும்தான் எழுத முடியும். தலைவர் பார்க்காமல் செயலாளர் எதையும் போடுவதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஹேமாவதியும் கை தூக்கினாள். அவர் சொல்லச் சொல்ல அவள் விரல்கள் தட்டின.

நான் சிவப்புப் பேனாவால் அடித்த அறிவிப்பு அதுதான். பெயர்களைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை:

"பேரன்புடையீர், வணக்கம். பூங்குளம் நகர் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் உயர்திரு த. தனசிங் ஐயா எம்.ஏ., பி.எட்., அவர்களின் அறிவுறுத்தலின்படியும், பொருளாளர் திரு. வெற்றிவேல் அவர்களின் மேலான ஒப்புதலுடனும் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், தற்போது பெய்துவரும் தொடர் மழையின் காரணமாகப் பொதுமக்கள் எவ்விதப் பீதியும் அடையத் தேவையில்லை என்பதோடு, ஆதாரமற்ற வதந்திகளை நம்ப வேண்டாம் எனவும், நிலைமையைச் சங்க நிர்வாகம் உன்னிப்பாகக் கண்காணித்து வருகிறது எனவும் தெரிவித்துக்கொள்ளும் அதே வேளையில், ஏரியின் உபரிநீர் வெளியேற்றப்படக்கூடிய சாத்தியக்கூறுகளைக் கருத்தில் கொண்டு, கடைசித் தெரு உள்ளிட்ட தாழ்வான பகுதிகளில் வசிப்போர், தேவைப்படின், பாதுகாப்பான இடங்களுக்குச் செல்வது குறித்துப் பரிசீலிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மொத்தமே வணக்கத்துக்குப் பிறகு ஒரே வாக்கியம். நம் கல்யாணப் பத்திரிகைகள் இப்படித்தான் இருக்கும். தாத்தா, பெரியப்பா, தாய்மாமன் என்று எல்லாரையும் அவரவர் பட்டத்தோடு உட்கார வைத்த பிறகு, மாப்பிள்ளை பொண்ணு பெயர் மூலையில் வரும். கல்யாணத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை; வருகிறவர்களுக்கு யாருக்குக் கல்யாணம் என்று ஏற்கெனவே தெரியும்.* தண்ணீர் அப்படியில்லை.

இன்னொன்று. நீளமான செய்தியை வாட்ஸ்அப் முழுக்கக் காட்டுவதில்லை. ஓரிடத்தில் வெட்டி, 'மேலும் படிக்க' என்று போட்டுவிடும். எல்லம்மாவின் சின்ன போனில் 'கண்காணித்து வருகிறது' என்ற இடத்தில் வெட்டியது. ஏரி அந்த வெட்டுக்குக் கீழே இருந்தது.

* வகுப்பில் இந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்.

4

அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. பதில் எழுதத்தான் முடியாதே தவிர, அதன் கீழே பொம்மைக் குறி போடலாம். கும்பிட்ட கைகள் வந்தன. கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர் ரோஜாப் பூ வைத்தார்.

தனசிங் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பாத்தியா, எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துட்டு."

 ஹேமாவதி குறி போட்டவர்களின் பெயர்களைத் திறந்து பார்த்தாள். மேட்டுத் தெரு, மேட்டுத் தெரு, குறுக்குத் தெரு. அப்புறம் 'எல்லம்மா கடைசி தெரு'. கும்பிட்ட கை.

வீட்டைக் காலி பண்ணு என்று சொன்னால் யார் கும்பிடுவார்கள்? எங்கே போவது, எதை எடுப்பது, படுத்திருக்கிறவனை எப்படித் தூக்குவது என்றுதான் கேட்பார்கள். புரிந்திருந்தால் கேள்வி வந்திருக்கும். கும்பிட்டுவிட்டுப் போனை ஓரமாக வைத்திருக்கிறாள் என்றால், சங்கம் பார்த்துக்கொள்கிறது என்று நம்பி உலை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"சார், இது அவங்களுக்குப் புரியல. நான் சின்னதா இன்னொண்ணு போடறேன்."

"வேண்டாம்."

"சார், தண்ணி வந்துடும்."

"வேண்டாம்னேன்ல ஹேமா."

5

இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். தனசிங்கைப் பட்டத்துக்கு அலைகிற கிழவராக எழுதித் தள்ளிவிடுவது எனக்குச் சுலபம். முதல் பிரதியில் அப்படித்தான் இருந்தார். பால்கனியில் நின்று பூமாலை எதிர்பார்க்கிற முகம், சட்டைப்பையில் இரண்டு பேனா. வாசகர் கைகொட்டிச் சிரித்திருப்பார்.

[அடித்தது: தனசிங் என்பவர் தன் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளின் மீது—]

ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதர் 'வேண்டாம்' என்று சொல்கிறார் என்றால், வெறும் பட்டத்துக்காகச் சொல்வாரா? அவ்வளவு கல்நெஞ்சக்காரரை நான் தாம்பரத்தில் பார்த்ததில்லை. அவரையே கேட்டேன். அதாவது, ஹேமாவதியைக் கேட்க வைத்தேன்.

"ஏன் சார் வேண்டாம்?"

அவர் ஜிஎஸ்டி சாலைப் பக்கம் பார்த்தபடி சொன்னார். "போன மழைக்கு ஒருத்தன் குரூப்ல போட்டானே, ஞாபகம் இருக்கா? 'ஏரி உடைஞ்சிருச்சு ஓடுங்க.' மூணே வார்த்தை. நீ சொல்ற மாதிரிதான், தெளிவா, சின்னதா. ஏரி உடையவே இல்ல. எங்கண்ணன் ஞானையா அதை வாசிச்சுட்டு மாடிப்படில எறங்கி ஓடி வந்தாரு. வழுக்கி விழுந்தாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

ஹேமாவதி அந்தச் சாவுக்குப் போயிருந்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இவர் நின்ற விதம் அவளுக்குத் தெரியும்.

"அதுக்கப்புறம்தான் இந்த முறையெல்லாம் வெச்சோம். தலைவர் பேரு, பொருளாளர் பேரு, பீதி வேண்டாம். பேரு இருந்தா வதந்தி இல்லன்னு சனத்துக்குத் தெரியும். மெதுவா வாசிப்பாங்க. மெதுவா எறங்குவாங்க. எங்கண்ணனை ஒரு சின்ன வாக்கியம் கொன்னுட்டும்மா."

  வகுப்பில் அந்த நீண்ட வாக்கியத்தை வாய்பிளந்து கிடக்கும் முதலை என்று கிண்டல் செய்தேன். அது ஒருவர் தன் அண்ணனுக்குக் கட்டிய தடுப்புச் சுவர் என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

6

சுவர் நல்ல எண்ணத்தில் கட்டியதுதான். ஆனால் இன்றைக்கு ஏரியை நிஜமாகவே திறக்கப் போகிறார்கள். எல்லம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

"சார், அன்னைக்கு அது பொய். அதனாலதான் கொன்னுச்சு. சின்னதா இருந்ததால இல்ல" என்றாள் ஹேமாவதி.  அவரை எதிர்த்து அவள் இதுவரை பேசியதில்லை. "உங்க பேரு கீழ இருக்கட்டும். தண்ணி மேல வரட்டும்."

 அவர் சரி என்று சொல்லும்வரை காத்திருக்காமல் அவள் தட்ட ஆரம்பித்தாள்.

'கடைசித் தெருவில் உள்ளவர்கள் கவனத்திற்கு.' அழித்தாள். கவனத்திற்கு என்று தொடங்குகிற எதையும் யாரும் கவனிப்பதில்லை.

'மிகவும் அவசரம்! அவசரம்!! அவசரம்!!!' அழித்தாள். லோன் தருகிறவனும் இப்படித்தான் எழுதுகிறான்.

'நீர் சூழும் அபாயம் இருப்பதால்.' அழித்தாள். 'இருப்பதால்' என்று தொடங்கினால் காரணம் முன்னால் வந்துவிடும், காரியம் பின்னால் போய்விடும்.

பயந்த கண் மூன்று வரிக்கு மேல் ஓடாது. அந்த மூன்று வரிக்குள் என்ன செய்ய வேண்டும், எங்கே, ஏன், யார் சொல்கிறார்கள் என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். கையேட்டில் 'பிளக்கைப் பிடுங்கவும்' என்று எழுதுகிற கை இது. ஆனாலும் இன்றைக்குப் பிசகியது. கடைசித் தெரு முழுவதையும் மனதில் வைத்து எழுதியபோது வாக்கியம் உளுத்த பலகைபோல இற்றுப் போனது. எல்லம்மாவின் முகத்தை மட்டும் நினைத்துக்கொண்டதும் சரியாக வந்தது:

'கடைசித் தெருவில் எல்லாரும் இப்பவே கிளம்புங்க. சர்ச் ஹால் மாடிக்குப் போங்க. இருட்டறதுக்குள்ள ஏரித் தண்ணி தெருவுக்கு வந்துடும். ஓட வேண்டாம், நடந்தே போக நேரம் இருக்கு. — தனசிங், ஹேமாவதி.'

'ஓட வேண்டாம்' என்பதை அவருக்காகச் சேர்த்தாள். திருப்பிக் காட்டினாள். தனசிங் இரண்டு முறை வாசித்தார். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "போடு" என்றார்.

7

நியாயமாக இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். பயிற்சி வகுப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? முன், பின். மோசம், நன்று. கைதட்டல், தேநீர் இடைவேளை. எனக்கும் இங்கேயே பேனாவை மூடிவிடலாம் என்று ஒரு சபலம் வந்தது.

ஆனால் செய்தி தெளிவாக இருந்தது. அதனால் எல்லம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவள் குரல் பதிவு ஒன்று ஹேமாவதிக்குத் தனியாக வந்தது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், ஜீவானந்தம் எதற்கோ முனகும் சத்தம்.

"மேடம், நான்தான் எல்லம்மா பேசறேன். இன்னா மேடம், மொதல்ல ஒண்ணும் இல்லன்ட்டு இப்ப வூட்ட காலி பண்ண சொல்றீங்கோ. சரி, கெளம்பறோம். பக்கத்து வூட்டாண்ட மீன்பாடி வண்டி கீது, அதுல இவரைப் படுக்க வெச்சிக்கினு போயிடலாம். எந்தப் பக்கமா போறது மேடம்? கரை மேல போறதா, தரைப்பாலத்தாண்ட போறதா? நீங்க இன்னா சொல்றீங்களோ அப்டியே போறேன். சீக்கிரம் சொல்லுங்கோ."

ஹேமாவதி அதை இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஒரு தடவையிலேயே எல்லாம் தெளிவாக இருந்தது.

கடைசித் தெருவிலிருந்து மேட்டுத் தெருவுக்கு இரண்டே வழி. கரை மேல் போனால் கிட்டம். ஆனால் மதகைத் தாண்டித்தான் போக வேண்டும், மண் இளகியிருந்தால் வண்டி சரியும். தரைப்பாலத்தில் தார் ரோடு; ஆனால் அதன் கீழே போகிற ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தால் அதுதான் முதலில் முழுகும். இரண்டில் எது எப்படி இருக்கிறது என்று தாம்பரம் நடைமேம்பாலத்தில் நிற்கிற அவளுக்கு எப்படித் தெரியும்? பார்த்திருக்கக்கூடியவர் வெற்றிவேல். அவர் போன் ஒற்றை டிக்.

குழுவை எல்லாரும் எழுதும்படி திறந்துவிட்டாள். 'கரை வழி எப்படி இருக்கு? தரைப்பாலம் எப்படி இருக்கு? பார்த்தவங்க மட்டும் சொல்லுங்க.' ஒருவர் கரை உடைந்த வீடியோ போட்டார். அதில் வெயில் அடித்தது, எந்த ஊரோ. இன்னொருவர் தரைப்பாலத்தில் இடுப்பளவு என்றார். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, படப்பையில் இருக்கும் தன் மாப்பிள்ளை சொன்னதாகச் சொன்னார். மூன்றாமவர் ஒரு ஜெபம் அனுப்பினார்.

தனசிங் மெதுவாகச் சொன்னார். "பாதுகாப்பான வழியாக வரவும்னு போட்டுரும்மா."

"அது எந்த வழி சார்?"

 தனசிங் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "நான் எழுதுனா தப்பு வராதும்மா. நான் எழுதுனதை வெச்சு யாரும் எதுவும் செய்ய முடியாது. நீ எழுதுனா செய்வாங்க."

 மூடி எழுதுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது மூடியே இருக்கும். திறந்து எழுதியதும், தெரியாதது எல்லாம் வெளியே வந்து நிற்கிறது. கையேட்டில் 'பிளக்கைப் பிடுங்கவும்' என்று ஹேமாவதியால் துணிந்து எழுத முடிந்தது, பிடுங்கினால் மின்சாரம் நிற்கும் என்று தெரிந்ததால். இந்த ஓடையை அவள் பார்க்கவில்லை.

மறுபடி ஒரு குரல் பதிவு. "மேடம், வண்டில ஏத்திட்டோம். சொல்லுங்கோ."

8

மூன்று முடிவு எழுதினேன்.

[ஒன்று: 'கரை வழியாக வாங்க' என்று எழுதினாள். கரை கல்போல இருந்தது. எல்லோரும் ஹால் மாடியில் சூடாகச் சுக்குக் காப்பி குடித்தபோது—]

சுக்குக் காப்பி வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பொய் என்று. அந்தக் கரை ஏன் கல்போல இருந்தது? நான் அப்படி எழுதியதால். வேறு காரணமே இல்லை.

[இரண்டு: 'தரைப்பாலம் வழியாக வாங்க.' மீன்பாடி வண்டியின் முன்சக்கரம் பாலத்தில் இறங்கியபோது எல்லம்மா—]

இந்த வாக்கியத்தை முடிக்க என் கை ஓடவில்லை. எத்தனை முறை உட்கார்ந்தும் 'எல்லம்மா' என்ற பெயரோடு நின்றுவிட்டது.

[மூன்று: எனக்குத் தெரியவில்லை அக்கா, என்று உண்மையை எழுதினாள்.]

இது நேர்மையானது, தெளிவானது. இதில் எழுத்துப் பிழை இல்லை, வளவளப்பு இல்லை. மாவுக்கட்டுப் போட்டவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு, இடமா வலமா என்று மழையில் நிற்கிறவளுக்கு இதை அனுப்பிப் பாருங்கள்.

நான் கதாசிரியன். நினைத்தால் தரைப்பாலத்துத் தண்ணீரை ஒரே வரியில் வடியவைத்துவிடலாம். வெற்றிவேலின் போனுக்கு உயிர் கொடுக்கலாம். செய்ய மாட்டேன். அது எல்லம்மாவுக்குச் செய்கிற உதவியில்லை, எனக்கு நானே செய்துகொள்கிற உதவி. எனக்கு அந்த ஓடை தெரியாது. தெரியாத வழியைத் தெளிவான தமிழில் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் ஹேமாவதியின் போனை உங்கள் கையில் தருகிறேன். தனசிங் ஒதுங்கி நின்றுவிட்டார். அவள் 'எல்லம்மாக்கா,' என்று மட்டும் தட்டியிருக்கிறாள். காற்புள்ளிக்குப் பிறகு காலியாக இருக்கிறது. ஒரு வரி போதும், நீளமாக வேண்டாம். எழுதுங்கள்.

நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ, அவள் அப்படியே போவாள்.